லோ பட்ஜெட் ஸ்லாஷர் படத்தை எடை போடுறது எப்படி: காசு இல்லாத குறையா, யோசனை இல்லாத குறையா?

ஒரு லோ பட்ஜெட் ஸ்லாஷர் படம் முடிஞ்சதும் கூட பாத்தவங்க சொல்றது பெரும்பாலும் ரெண்டே டயலாக்தான். ஒன்னு "சுத்த மொக்கை", இன்னொன்னு "அவங்ககிட்ட இருந்த காசுக்கு இதுவே பெரிய விஷயம்ப்பா". எனக்கு ரெண்டுமே ஒத்து வராது. முதல் ஆள் பாதியிலயே படத்தை கைவிட்டுட்டு ஃபோனை நோண்ட ஆரம்பிச்சிருப்பாரு, ரெண்டாவது ஆள் பாஸ் மார்க் போடுற வாத்தியார் மாதிரி பாவம் பாத்து அள்ளி விட்டிருப்பாரு. மாஸ்க் போட்ட ஒருத்தன் கத்தியோட வந்து ஒவ்வொருத்தரா போட்டுத் தள்ற இந்த வகை படத்துல எது நிஜமாவே நல்லா இருக்கு, எது சொதப்பல்னு பிரிச்சு சொல்றதுக்கு நான் என்ன பண்றேன்னு இங்க எழுதுறேன், ஒரு எண்பது தொண்ணூறு நிமிஷ படத்துக்கு இவ்ளோ யோசிக்கணுமான்னு கேட்டா, ஆமா யோசிக்கணும், அதுல தான் மஜாவே.

எல்லாத்துக்கும் அடியில ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. ஒரு குறை கண்ணுல பட்டதும் இப்படி கேளுங்க: இவங்க கையில பத்து மடங்கு காசு இருந்திருந்தா இந்த குறை இருந்திருக்குமா? இருந்திருக்காதுன்னா அது காசு இல்லாத குறை, குறிச்சு வச்சுட்டு நகர்ந்துரலாம். அப்பவும் இருந்திருக்கும்னா அது யோசனை இல்லாத குறை, அங்க கறாரா இருங்க. இதையே நல்ல விஷயத்துக்கும் திருப்பிப் போட்டுப் பாக்கலாம், பத்து மடங்கு காசு இருந்தா இந்த நல்ல சீன் இப்படியே இருந்திருக்குமா, இல்ல காசு வந்ததுனாலயே கெட்டுப் போயிருக்குமா? இந்த ரெண்டாவது கேள்வியை பெரும்பாலும் யாருமே கேக்கறதில்ல, ஆனா ஸ்லாஷரோட பெருமை எல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு.

ஏன்னா இந்த வகை படமே கையில காசு இல்லாததுனால இந்த உருவத்துக்கு வந்தது. ஒரே ஒரு வீடு இல்லன்னா ஒரு கேம்ப், லொகேஷன் செலவு மிச்சம். முகம் தெரியாத சின்னப் பசங்க, சம்பளம் மிச்சம். கொலைகாரனோட கண்ணு வழியா கேமரா போகுதுன்னா அந்த நேரத்துக்கு கொலைகாரனா நடிக்க ஆளே தேவையில்ல, மேக்கப்பும் தேவையில்ல. 1974ல கனடாவுல பாப் கிளார்க் எடுத்த 'ப்ளாக் கிறிஸ்துமஸ்' ஆரம்பத்துல கொலைகாரன் வீட்டுச் சுவர் ஏறி மாடிக்குள்ள நுழையறது அப்படித்தான், கேமரா ஆள் அதை உடம்புலயே மாட்டிக்கிட்டு ஏறினாரு. அந்தப் படத்துல கடைசி வரைக்கும் கொலைகாரன் யாருன்னே காட்டல, அது சிக்கனமா திகிலான்னு கேட்டா ரெண்டும்தான். அதனால "ஒரே வீட்டுக்குள்ளயே சுத்துறாங்க"ன்னு ஒரு ஸ்லாஷரை குறை சொல்றது, குறும்படத்தை பாத்து "சின்னதா இருக்கு"ன்னு சொல்ற மாதிரி.

படம் போடுறதுக்கு முன்னாடி

எந்த காப்பியை பாக்குறீங்கன்னு முதல்ல பாருங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும் ஆனா இதுல நானே பல தடவை ஏமாந்திருக்கேன். 1978ல வந்த 'ஹாலோவீன்' அகலமான ஸ்க்ரீனுக்காக எடுத்த படம், கொலைகாரன் பல ஷாட்ல ஃப்ரேமோட ஓரத்துல சும்மா நின்னுக்கிட்டு இருப்பான், அதுதான் பயமே. பழைய டிவிக்காக ரெண்டு பக்கமும் வெட்டின காப்பியில அந்த மாதிரி ஷாட்ல அவன் காணாமலே போயிருவான், வெறும் தெருவும் ஒரு வேலியும்தான் இருக்கும், அதை பாத்துட்டு "ஒன்னுமே நடக்கல"ன்னு எழுதினா தப்பு டைரக்டர் மேல இல்ல. அதே மாதிரி 1981ல வந்த 'மை ப்ளடி வேலன்டைன்' படத்தை ரேட்டிங் போர்டு கன்னாபின்னான்னு வெட்ட வச்சு, கொலை எல்லாம் பாதியில டக்கு டக்குனு கட் ஆகும், 2009லதான் அதுல கொஞ்சம் திரும்பச் சேத்த காப்பி வந்துச்சு. கொலை சீன் அரைகுறையா முடிஞ்சா எடிட்டரை திட்டறதுக்கு முன்னாடி வேற வெர்ஷன் இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.

அப்புறம் ஃபோன்ல பாக்காதீங்க. இருட்டுல எடுத்த படத்தை பஸ்ல வெயில்ல உக்காந்து பாத்துட்டு "ஒன்னும் தெரியல"ன்னா என்ன பண்ண முடியும்.

முதல் தடவை பாக்கும்போது நோட்டு, பேனா எதையும் தொடாதீங்க. உடம்பு என்ன பண்ணுதுன்னு மட்டும் கவனிங்க, எங்க தோள் இறுகுச்சு, எங்க கை தானா ரிமோட் பக்கம் போச்சு, எங்க மணி பாத்தீங்க. மணி பாத்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, ரெண்டாவது தடவை அங்கதான் வேலை இருக்கு. ஆமா ரெண்டு தடவை பாக்கணும், மொக்கையா இருந்தாலும். மொக்கையா இருந்தா அப்போ கண்டிப்பா.

காதுல இருந்து ஆரம்பிங்க

எல்லாரும் படம் எப்படி தெரியுதுன்னு ஆரம்பிப்பாங்க, நான் சத்தத்துல இருந்து ஆரம்பிப்பேன். கம்மி காசு படத்துல முதல்ல பல்லிளிக்கிறது சவுண்டுதான். ரெண்டு பேர் பேசிட்டு இருப்பாங்க, ஒருத்தர் பேசும்போது பின்னாடி 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல், இன்னொருத்தர் ஷாட்டுக்கு கட் ஆனதும் அந்த இரைச்சல் காணாம போகும், திரும்ப வரும், திரும்ப போகும். ஷூட்டிங் நடந்த ரூம்ல யாரும் பேசாம ஒரு முப்பது செகண்ட் வெறும் அமைதியை ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு வந்திருந்தா அதை அடியில போட்டு இதை சமாளிச்சிருக்கலாம். அதுக்கு காசு ஆகாது, முப்பது செகண்ட் பொறுமைதான் ஆகும். அப்போ இது எந்தக் குறைன்னு நீங்களே சொல்லுங்க.

ஒரு கொலை சீனை எடுத்துக்கோங்க, கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க. அப்புறம் அதே சீனை மியூட்ல போட்டு பாருங்க. மியூட்ல பாக்கும்போது சிரிப்பு வந்து, கண்ணை மூடினப்போ வயித்தை கலக்குச்சுன்னா அந்தப் படத்துல சவுண்டு ஆள் யாரோ தனியா உயிரைக் கொடுத்து வேலை பாத்திருக்காருன்னு அர்த்தம், அவரை பாராட்டி எழுதுங்க, பொதுவா யாரும் பாராட்ட மாட்டாங்க. 1960ல வந்த 'சைக்கோ'வுல கத்தி குத்துற சத்தம் ஒரு பழத்தை குத்தி எடுத்தது, முலாம்பழம் வகை ஒன்னு. அந்த ரத்தம் சாக்லேட் சிரப், கருப்பு வெள்ளை படம் அதனால யாருக்கும் தெரியல. நூறு ரூபா செலவுல முடியற விஷயம் சினிமாவுல இன்னும் நிறைய இருக்குங்க.

மியூசிக் பத்தி கேட்டா 'ஹாலோவீன்' கதையைத்தான் சொல்லணும். டைரக்டர் ஜான் கார்பெண்டர் அந்தப் படத்தை மியூசிக் இல்லாம ஒரு ஸ்டுடியோ எக்ஸிக்யூட்டிவுக்கு போட்டுக் காட்டினாரு, அந்த அம்மாவுக்கு பயமே வரல. அப்புறம் அவரே மூணு நாள்ல மியூசிக் போட்டாரு, பியானோவுல அஞ்சு தாளக்கட்டுல போற ஒரு சின்ன ட்யூன், சின்ன வயசுல அவங்க அப்பா பாங்கோ டிரம்ல சொல்லிக் கொடுத்த தாளம். நம்ம காது நாலு நாலா எண்ணிப் பழகினது, அஞ்சாவது அடி வந்ததும் ஏதோ கால் தடுக்கின மாதிரி இருக்கும், அந்த தடுக்கல் படம் முழுக்க விடாது. இதுக்கு ஆர்க்கெஸ்ட்ராவும் இல்ல ஒன்னும் இல்ல. அதனால நீங்க பாக்குற படத்துல மியூசிக் சின்தசைசர்ல போட்டதா, ஸ்டாக் மியூசிக்கான்னு பாக்காதீங்க, எங்க நிறுத்துறாங்கன்னு பாருங்க. 1980ல வந்த 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' படத்துக்கு மியூசிக் போட்ட ஹாரி மன்ஃப்ரெடினி ஒரு விதி வச்சிருந்தாரு, நிஜமாவே கொலைகாரன் பக்கத்துல இருந்தாத்தான் அந்த பயமுறுத்துற மியூசிக் வரும், பசங்க ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தி விளையாடுற இடத்துல வராது. இந்த மாதிரி ஒரு விதி ஓடுதுன்னா பாக்குறவனுக்கு தெரியாமலே அவன் காது அதை கத்துக்கும், அப்புறம் அந்த சத்தம் லேசா வந்தாலே போதும். மோசமான படத்துல பூனை குதிச்சாலும் டமால், கதவு சாத்தினாலும் டமால், ஃப்ரெண்ட் தோள்ல கை வச்சாலும் டமால். நாலாவது டமாலுக்கு அப்புறம் கொலைகாரனே வந்தாலும் நமக்கு உறைக்காது.

வீட்டோட மேப் வரைஞ்சு பாருங்க

இது நான் எல்லார்கிட்டயும் சொல்ற டெஸ்ட், சிரிப்பாங்க, செஞ்சு பாத்துட்டு திரும்ப வந்து பேசுவாங்க. படம் முடிஞ்சதும் ஒரு பேப்பர் எடுத்து அந்த வீட்டையோ கேம்ப்பையோ ஃபேக்டரியையோ ஞாபகத்துல இருந்து வரைங்க. மாடிப்படி எங்க, பின்வாசல் எங்க, கொலைகாரன் வந்த ஜன்னல் எது, அந்தப் பொண்ணு ஒளிஞ்ச அலமாரி எந்த ரூம்ல. வரைய முடிஞ்சுதுன்னா அந்தப் படத்தோட துரத்தல் சீன் எல்லாம் வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம், ஏன்னா பயம்ங்கிறது "அய்யோ அந்தப் பக்கம் போகாத, அவன் அங்கதான் இருக்கான்"னு நாம மனசுக்குள்ள கத்துறதுதான், எந்தப் பக்கம்னே தெரியலன்னா எப்படி கத்துறது?

வரைய முடியலன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்: உள்ளே ஒரு வீட்டுலயும் வெளிய வேற வீட்டுலயும் ஷூட் பண்ணியிருப்பாங்க, அது தப்பில்ல, எல்லாரும் பண்றதுதான். ஆனா ஒருத்தர் இடது பக்கம் ஓடி ஃப்ரேமை விட்டு வெளிய போனா அடுத்த ஷாட்ல அதே திசையில ஓடி உள்ள வரணும், இல்லன்னா திரும்பி ஓடி வர்ற மாதிரி இருக்கும். இந்த அடிப்படையே தெரியாம துரத்துறவனும் ஓடுறவளும் எதிர் எதிரா ஓடுற மாதிரி ஒட்டி வச்ச படம் எத்தனையோ. அப்புறம் அந்த ஃபேமஸ் குறை, மெதுவா நடந்து வர்ற கொலைகாரன் தலைதெறிக்க ஓடுற ஆளுக்கு முன்னாடி போய் நிக்கிறது. இதை பாத்து எல்லாரும் லாஜிக் இல்லன்னு சிரிப்பாங்க, நான் கொஞ்சம் விட்டுக் கொடுப்பேன். வீட்டோட மேப்பை ஒழுங்கா காட்டின படத்துல அவன் முன்னாடி வந்து நின்னா "அந்த பின்வாசல் வழியா வந்திருப்பான்"னு நம்ம மூளையே சமாதானம் சொல்லிக்கும். மேப் இல்லாத படத்துலதான் அது கேலியாகுது.

மாஸ்க்

மாஸ்க் விலையை பாக்காதீங்க, 'ஹாலோவீன்' மாஸ்க் ரெண்டு டாலருக்கும் கம்மியான ஒரு கேப்டன் கிர்க் ('ஸ்டார் ட்ரெக்' ஹீரோ) மாஸ்க், கண் ஓட்டையை பெருசாக்கி வெள்ளை பெயிண்ட் அடிச்சாங்க, அவ்ளோதான். அதுல எந்த உணர்ச்சியும் இல்லாததுதான் அதோட பலம், நம்ம பயத்தை நாமளே அதுல எழுதிக்கிறோம். பாக்க வேண்டியது அந்த மாஸ்க்குக்கு கீழ இருக்கிற உடம்பு. எப்படி நடக்குறான், எப்படி தலையை சாய்க்கிறான், கொன்னுட்டு எவ்ளோ நேரம் நின்னு பாக்குறான். 'டெரிஃபையர்' படங்கள்ல வர்ற கோமாளி ஒரு வார்த்தை கூட பேச மாட்டான், எல்லாமே கை, கால், அந்த பல்லைக் காட்டுற சிரிப்புதான், அதுக்கு பயிற்சி உள்ள நடிகர் வேணும், விலை அதிகமான மாஸ்க் இல்ல. பல சின்ன படத்துல ஒவ்வொரு நாளும் செட்ல யார் ஃப்ரீயோ அவங்களுக்கு மாஸ்க்கை மாட்டி விட்டுருவாங்க, ஒரு சீன்ல கொலைகாரன் ஆறடி, அடுத்த சீன்ல அஞ்சேகால். உன்னிப்பா பாத்தா தெரியும். ஒரு படத்துல கொலைகாரன் வாட்ச் கட்டியிருந்தான், அடுத்த சீன்ல வாட்ச் வேற கைக்கு போயிருந்துச்சு, நான் அதுக்கப்புறம் கதையையே பாக்கல, வாட்சையேதான் பாத்துட்டு இருந்தேன்.

பேச ஆரம்பிச்ச கொலைகாரன் பாதி செத்துட்டான். கடைசி பத்து நிமிஷத்துல மாஸ்க்கை கழட்டிட்டு "உங்கப்பன் என்ன பண்ணான் தெரியுமா"ன்னு ஃப்ளாஷ்பேக் சொல்ற படத்துக்கு நான் தயவு தாட்சண்யம் இல்லாம மார்க் குறைப்பேன். அதுக்கு விதிவிலக்கு உண்டு, 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' முதல் படம் கிட்டத்தட்ட அப்படித்தான் முடியும், மாஸ்க் மட்டும் கிடையாது, ஆனா அங்க அந்த முகம் யாரும் எதிர்பார்க்காத முகம்.

ரத்தம், வெட்டு, குத்து

சரி, எல்லாரும் காத்துட்டு இருக்கிற இடம். கொலை சீனை எடை போட மூணு விஷயம் பாக்கணும், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, வெட்டு விழும்போது கேமரா எங்க இருந்துச்சு, அதுக்கப்புறம் எவ்ளோ நேரம் அந்த வலி நீடிச்சுது. பெரும்பாலான சின்ன படம் நடுவுல இருக்கிறதுக்கு மட்டும்தான் காசையும் மூளையையும் செலவு பண்ணும்.

எஃபெக்ட் நல்லா இருக்கான்னு பாக்கும்போது எவ்ளோ நேரம் காட்டுறாங்கன்னு எண்ணுங்க, நிஜமாவே ஒன்னு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க. லேடெக்ஸ்ல பண்ணின ஒரு வெட்டுக் காயம் ஒரு செகண்ட் பாத்தா பயங்கரம், மூணு செகண்ட் பாத்தா ரப்பர். தன்னோட எஃபெக்ட் எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரிஞ்ச டைரக்டர் அதுக்கு அரை செகண்ட் முன்னாடியே கட் பண்ணுவாரு. தெரியாதவரு "இவ்ளோ கஷ்டப்பட்டு பண்ணிருக்கோம்"னு க்ளோசப்ல வச்சுக்கிட்டே இருப்பாரு. இது சுத்தமா யோசனை இல்லாத குறை. கட் பண்ண காசு கேக்காது.

'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்'ல கட்டில்ல படுத்திருக்கிற கெவின் பேகனோட கழுத்து வழியா அம்பு வெளிய வர்ற சீன் ஞாபகம் இருக்கா? எஃபெக்ட் பண்ணது டாம் சவினி. நடிகரோட தலை மட்டும்தான் மேல, கழுத்தும் நெஞ்சும் பொய், மிச்ச உடம்பு கட்டிலுக்கு கீழ. ரத்தம் அடிக்கிற பம்ப்போட ட்யூப் கழண்டு போச்சு, இன்னொரு டேக் எடுக்க இன்னொரு பொய்க் கழுத்து பண்ணணும், கீழ இருந்த அசிஸ்டென்ட் டக்குனு ட்யூபை வாயில வச்சு ஊதிட்டாரு, அதனாலதான் அந்த ரத்தம் அப்படி கொப்புளிச்சுக்கிட்டு வரும். பத்து மடங்கு காசு இருந்தா அங்க நல்ல பம்ப் இருந்திருக்கும், அந்த ரத்தம் ஒழுங்கா சீரா வந்திருக்கும், நமக்கு அந்த சீன் ஞாபகமே இருந்திருக்காதோ என்னவோ.

இப்போ வர்ற படத்துல கம்ப்யூட்டர் ரத்தம் ஒரு பெரிய வியாதி. அதை கண்டுபிடிக்க சுலபமான வழி, ரத்தம் தெறிச்சதுக்கு அப்புறம் தரையைப் பாருங்க, சுவரைப் பாருங்க, நடிகரோட சட்டையைப் பாருங்க. காத்துல தெறிச்ச ரத்தம் எங்கயுமே விழாம ஆவியாகிருச்சுன்னா அது சிஜி. செட்டை கழுவ நேரம் இல்லன்னு இதை போடுவாங்க, ஒரே சட்டைதான் இருக்கு, அதை ரத்தம் பண்ணிட்டா அடுத்த டேக் இல்ல. இது ஓரளவுக்கு காசு குறைதான், ஒத்துக்கிறேன், ஆனா அப்படின்னா ரத்தமே காட்டாம எடுக்கிற தைரியம் வேணும். 1974ல வந்த 'டெக்சாஸ் செயின் சா மசாக்கர்' பாத்தவங்க பாதி பேர் அது ரத்தக்களறின்னு சத்தியம் பண்ணுவாங்க, திரும்ப போட்டுப் பாருங்க, கண்ணுக்கு நேரா தெரியிற ரத்தம் ரொம்ப கம்மி. ஒரு பொண்ணை இறைச்சி கொக்கியில மாட்டுற சீன்ல கொக்கி உடம்புக்குள்ள போறதை காட்டவே இல்ல, கொக்கி, அந்த முகம், கீழ ஒரு வாளி, அவ்ளோதான். அந்த வாளிதான் எல்லாத்தையும் சொல்லுது. அந்த படம் 16 எம்எம் ஃபிலிம்ல கொளுத்துற கோடையில எடுத்தது, அந்த புள்ளி புள்ளியான படமும் வேர்வையும் ஏதோ போலீஸ் எவிடன்ஸை பாக்குற மாதிரி ஒரு உணர்வு கொடுக்கும். அதை பளபளன்னு எடுத்திருந்தா படம் செத்திருக்கும்.

சாகப் போறவங்க

இவங்களைப் பத்தி ஒரு சின்ன டெஸ்ட். படம் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு செத்தவங்க பேரை வரிசையா சொல்லிப் பாருங்க. பேர் வரலன்னா பரவால்ல, "அந்த ஜோக் அடிச்சிக்கிட்டே இருந்தவன்", "அம்மாவுக்கு ஃபோன் பண்ணணும்னு சொல்லிட்டே இருந்தவ"ன்னு அடையாளமாவது வரணும். "அந்த சிவப்பு சட்டை"ன்னு மட்டும் வந்துச்சுன்னா அங்க சினிமா இல்ல, எண்ணிக்கைதான் நடந்திருக்கு. நடிப்பை எடை போடும்போது கத்துறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, கத்த யாருக்கும் வரும், அடுத்தவங்க பேசும்போது இவங்க நிஜமாவே கேக்குறாங்களா, இல்ல தன்னோட டயலாக் எப்போ வரும்னு காத்துட்டு இருக்காங்களான்னு பாருங்க.

யாரை எப்படி கொல்றாங்கன்னும் ஒரு கணக்கு போடணும். கரோல் க்ளோவர்னு ஒரு சினிமா ஆராய்ச்சியாளர் 1987ல எழுதின கட்டுரையிலதான் 'ஃபைனல் கேர்ள்'ங்கிற வார்த்தையே வந்துச்சு, கடைசியா மிஞ்சி கொலைகாரனை எதிர்த்து நிக்கிற பொண்ணு. அவங்க கவனிச்ச ஒரு விஷயம், ஆம்பளைங்க சாவு டக்குனு, தூரத்துல, இருட்டுல முடிஞ்சிரும், பொம்பளைங்க சாவை மட்டும் கேமரா கிட்டக்க போய் நின்னு நிதானமா பாக்கும். நீங்க பாக்குற படத்துல வாட்ச்சை வச்சு இதை நேரடியா அளந்து பாக்கலாம், அவன் சாக எத்தனை செகண்ட், அவ சாக எத்தனை செகண்ட். வித்தியாசம் பயங்கரமா இருந்தா அதை குறையா எழுதுங்க, "அந்த காலத்து படம் அப்படித்தான்"னு சமாளிக்காதீங்க, அதே காலத்துல அப்படி எடுக்காதவங்களும் இருந்தாங்க. இந்தக் குறைக்கும் பட்ஜெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

நடுவுல வர்ற இழுவை

முதல் கொலைக்கும் ரெண்டாவது கொலைக்கும் நடுவுலதான் சின்ன படம் மூச்சு வாங்கும். கார்ல போறாங்க, போயிட்டே இருக்காங்க, ஒருத்தர் குளிக்கிறாரு, ஒருத்தர் டார்ச் அடிச்சுக்கிட்டு ஆறு நிமிஷம் பேரைச் சொல்லி கூப்பிட்டுக்கிட்டே நடக்குறாரு. முழு நீள படம்னு விக்கணும்னா ஒரு குறிப்பிட்ட நேரம் ஓடியே ஆகணும், அதுக்கு இழுக்குறாங்க. சிம்பிளா, அந்த நடையை வெட்டிட்டா நமக்கு எதாவது தெரியாம போகுதான்னு பாருங்க. ஒன்னும் போகலன்னா அது ஜவ்வு. அதுக்கு நேர்மாறா, காசு கொஞ்சம் வந்ததும் நீளம் ஏறுறதும் ஒரு வியாதிதான், 2022ல வந்த 'டெரிஃபையர் 2' ரெண்டரை லட்சம் டாலர் படம், ஒரு கோடி டாலருக்கு மேல வசூல், எஃபெக்ட் எல்லாம் டைரக்டர் டேமியன் லியோனே தலைமையேத்து பண்ணது, அதுல எனக்கு மரியாதை உண்டு, ஆனா 138 நிமிஷம்! ஒரு ஸ்லாஷருக்கு! அரை மணி நேரத்தை எடுத்து வெளிய போட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் தாங்கும் படம்.

இருட்டு

ராத்திரி வெளிப்புறத்துல லைட் போடுறது செலவு பிடிச்ச வேலை, அதனால இங்க கொஞ்சம் தாராளமா இருங்க. ஆனா இருட்டுக்கும் ஒன்னுமே தெரியாததுக்கும் வித்தியாசம் இருக்கு. கதவோட ஒரு விளிம்பு, கத்தியில ஒரு மினுக்கு, தூரத்துல ஒரு ஜன்னல் வெளிச்சம், இதுல ஒன்னு இருந்தாலே கண்ணு மிச்சத்தை தேடும். எதுவுமே இல்லன்னா கண்ணு தேடறதை நிறுத்திட்டு ஸ்க்ரீன்ல தெரியிற நம்ம மூஞ்சியை பாக்க ஆரம்பிச்சிரும். பகல்ல எடுத்துட்டு நீலமாக்கி ராத்திரின்னு சொல்ற பழைய டெக்னிக்கும் உண்டு, வானம் தெரிஞ்சா மாட்டிக்குவாங்க.

இந்த மாதிரி மாட்டிக்கிறதை எல்லாம் பெருசா எழுத வேண்டாம்னும் சொல்லிடறேன். 'ஹாலோவீன்' கதை நடக்குறது இல்லினாய்ல அக்டோபர் மாசம், எடுத்தது கலிபோர்னியாவுல வசந்த காலத்துல, மூணு லட்சம் டாலருக்கு கொஞ்சம் மேல பட்ஜெட், சுமார் 20 நாள் ஷூட்டிங். காகித இலைக்கு பெயிண்ட் அடிச்சு, கொட்டி, ஷாட் முடிஞ்சதும் பையில அள்ளிட்டுப் போய் அடுத்த ஷாட்ல திரும்ப கொட்டினாங்க. ஓரத்துல பனை மரம் தெரியும், மரத்துல இலை எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கும். நான் அந்த படத்தை எத்தனையோ தடவை பாத்துட்டுதான் அந்த பனை மரத்தையே கவனிச்சேன், அதுவும் யாரோ சொல்லி. நான் வாட்சை கவனிச்ச படத்துக்கும் பனை மரத்தை கவனிக்காத படத்துக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சா, ஒரு குறை நம்ம கண்ணுல படுதாங்கிறதே பாதி விமர்சனம்னு தோணுது. முதல் தடவை பாக்கும்போது கண்ணுல படாத தப்பை ரெண்டாவது தடவை தேடிப் பிடிச்சு பட்டியல் போடுறது விமர்சனம் இல்ல, அது வேற பொழுதுபோக்கு, தனியா பண்ணுங்க.

எழுதும்போது

ரெண்டு பத்தி போட்டு, ஒன்னுல நல்லது ஒன்னுல கெட்டதுன்னு சமமா பிரிக்காதீங்க. படத்துல எண்பது சதவீதம் சொதப்பல்னா எண்பது சதவீதம் அதைப் பத்திதான் எழுதணும், ஆனா அந்த இருபதை எந்த நிமிஷத்துல இருக்குன்னு துல்லியமா சொல்லுங்க. "நடிப்பு சுமார்"னு எழுதினா யாருக்கும் ஒன்னும் புரியாது, "42வது நிமிஷத்துல ஃப்ரெண்டோட பொணத்தை பாத்ததும் அவ கத்தாம முதல்ல அந்த ஷூவை சரி பண்றா, அந்த இடம் அடிச்சுச்சு"ன்னு எழுதினா படம் எடுத்தவருக்கே உதவும். அந்த மாதிரி ஒரு இடம் கூட இல்லாத படம் ரொம்ப அபூர்வம்.

"மோசமா இருக்கிறதுனாலயே சூப்பர்"ங்கிற டயலாக்கை கொஞ்சம் அளந்து செலவு பண்ணுங்க. சிரிச்சீங்கன்னா எதுக்கு சிரிச்சீங்கன்னு எழுதுங்க, டைரக்டர் சிரிக்க வச்சாரா, நீங்களா சிரிச்சீங்களான்னு பிரிங்க. அப்புறம் நடிகர்களோட மூஞ்சி, உடம்பு, உச்சரிப்பு இதையெல்லாம் வச்சு கிண்டல் பண்றதை விட்டுருங்க, இந்த மாதிரி படத்துல அவங்க பாதி பேர் சம்பளமே வாங்காம ராத்திரி முழுக்க பொய் ரத்தத்துல ஊறி நின்னவங்களா இருப்பாங்க, சர்க்கரைப் பாகுல பண்ணின ரத்தம் காய்ஞ்சா தோலோட ஒட்டிக்கும், எறும்பு வேற வரும்.

பட்ஜெட் எவ்ளோன்னு தெரிஞ்சா எழுதுங்க, ஆனா அதை கடைசியில எழுதுங்க. முதல் வரியிலயே "வெறும் இத்தனை டாலர்ல எடுத்த படம்"னு ஆரம்பிச்சா படிக்கிறவங்க அதுக்கப்புறம் நீங்க சொல்ற எல்லாத்தையும் தள்ளுபடி விலையிலதான் படிப்பாங்க.

ஸ்பாய்லர் விஷயத்துல என்னோட பழக்கம், யாரு கொலைகாரன்னு சொல்ல மாட்டேன், யாரு கடைசியில மிஞ்சுறாங்கன்னும் சொல்ல மாட்டேன், ஆனா செத்த கொலைகாரன் கடைசி ஷாட்ல கண்ணைத் திறக்குறான்னா அதை மட்டும் சொல்லிடுவேன், அது ஸ்பாய்லர் இல்லங்க, அது எல்லா படத்துலயும்தான் திறக்குறான்.